சொக்கலிங்கனார் சோளம் பொரித்த சருக்கம்

வாழ்க சொக்கலிங்கனார்! நாற்புறமும் கருங்கடல் காவல் நிற்க, கமுகும் தெங்கும் கவரி வீச, ஆண்டில் பாதிக்குமேல் அடைமழை முழுக்காட்ட வீற்றிருக்கும் போர்ட் பிளேர்ப் பெருநகரின்கண், டெய்ரி ஃபார்ம் என்னும் குடியிருப்பில், வாடகை வீட்டு மாடியில் இருபத்திரண்டு ஆண்டுகள் கொடிகட்டி வாழும் கோமான். மத்திய அரசு அலுவலகமொன்றின் கோப்புகளைத் தாலாட்டித் தூங்கவைக்கும் மேல்நிலை எழுத்தர். எதையும் நானே செய்வேனென்று வேட்டியை மடித்துக்கட்டிப் புறப்பட்டு, இன்றுவரை ஒன்றையும் உருப்படியாக முடித்திராத பெருந்தகை. அன்னவர் ஒருநாள் பாப்கார்ன் பொரித்தார். அந்த வெட்கக்கேட்டைத்தான் பாடவந்தேன். கலைமகளே, என் நாவில் வந்து அமர்வாய். புகை ஆகாதென்றால் சமையலறை வாசலிலாவது சற்றே நில் தாயே.

போர் மூண்ட காரணம் கேளுங்கள். சொக்கலிங்கனாரின் மனையாள் ஜெயலட்சுமிக்கு அருண்பிரசாத் என்றொரு தம்பி. மதுரை மாநகரன், மெயின்லேண்டின் பெருந்தூதன், பத்துநாள் லீவில் விமானமேறி வந்திறங்கியவன். வந்த நாள்முதல் காலைக் காபிக்கு ஒருமுறை, மாலைத் தேநீருக்கு இருமுறை, "இங்க என்னதான் இருக்கு அத்தான்? மாற்றல் வாங்கிட்டு மதுரைக்கே வந்துடுங்க" என்று மந்திரம்போல் ஓதினான். ஓதியதோடு விட்டானா? மாற்றல் மனுவையே தட்டச்சு செய்து கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் ஜாடிக்கு அடியில் செருகிவைத்தான் அந்தப் பாவி. கையெழுத்து ஒன்றே பாக்கி. சொக்கலிங்கனாருக்கோ இந்தத் தீவை விட்டுப் போக எள்ளளவும் மனமில்லை. மதுரை வெயிலையும், மாமனார் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கப்போகும் தம் எதிர்காலத்தையும் எண்ணும்போதெல்லாம் ஜாடியை அந்த மனுவின்மேல் இன்னும் அழுத்திவைத்தார்.

மாசி மாதத்து ஞாயிறொன்றில், "வீட்லயே தியேட்டர் மாதிரி பாப்கார்ன் போடுறோம் அத்தான், மதுரையில. இங்க அதுக்கெல்லாம் வழி ஏது?" என்று மைத்துனன் வாய்விட, வீரரின் மீசை துடித்தது. "கேளடா மதுரையானே! என்னிடம் ஒன்றல்ல, மூன்று பொரிப்பான்கள் உண்டு! அடுத்த ஞாயிறு, கிரிக்கெட் இறுதியாட்டத்தின் முதல் பந்து விழுமுன், அண்டா நிறையப் பொரித்து உன் மடியில் வைப்பேன். வைத்தால் மாற்றல் என்ற சொல்லை நீ கனவிலும் எடுக்கலாகாது. வைக்காவிட்டால் அந்த மனுவில் என் கையெழுத்து!" என்று சூளுரைத்தார். "ஏங்க, யோசிச்சுப் பேசுங்க" என்றாள் ஜெயலட்சுமி. யார் கேட்டார்கள்?

அன்று மாலையே, கீழ்வீட்டுக் காதர் பாயின் மளிகைக்கடையில் அப்போதுதான் கப்பலில் வந்திறங்கிய மூட்டையிலிருந்து இரண்டு கிலோ சோளம் வந்து சேர்ந்தது. இங்கேதான் தீவுவாசியின் பேரறிவு சுடர்விட்டது. கப்பலில் வந்த பண்டம் கடற்காற்றைக் குடித்த பண்டம். துவரையாயினும் மிளகாயாயினும் மொட்டைமாடிக்குப் போய் வெயிலைப் பார்க்காமல் டப்பாவுக்குள் போகலாகாது. போனால் பூஞ்சை பிடிக்கும். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் கட்டிக்காத்த சட்டம் இது. ஆகவே திங்கள்முதல் சனிவரை ஆறு பகல்கள், பழைய சேலையை விரித்து, காக்கைக்கு அஞ்சிக் கொசுவலையைப் போர்த்தி, அலுவலகத்துக்கு அரைநாள் லீவும் போட்டுக் காவலிருந்து, சோள மணிகளைக் கலகலவென்று காயவைத்தார். கையில் அள்ளிக் குலுக்கி, "ஒரு பொட்டு ஈரம் கிடையாது!" என்று பூரித்தார்.

வந்தது ஞாயிறு. முதலில் களம்புகுந்தது சூடான காற்றாலேயே சோளம் பொரிக்கும் காற்றுப்பொறி. 'இந்த முகவரிக்கு டெலிவரி இல்லை' என்று இணையக்கடைகள் கைவிரித்த பின்னும் தளராமல், சென்னையிலிருக்கும் சிநேகிதர் வீட்டுக்கு வரவழைத்து, அங்கிருந்து கப்பலேற்றி, மாதக்கணக்கில் காத்திருந்து பெற்ற மின்வேழம் அது. சோளத்தை வாயில் கொட்டிப் பொத்தானை அமுக்கியதும் பிளிறியது பாருங்கள், தெருநாய்கள் ஊளையிட்டன! வெங்காற்றில் சுழன்ற மணிகள் பொரியாமலே துதிக்கைவழிப் புறப்பட்டு, சுவரில் பட்டு, மைத்துனன் நெற்றியில் பட்டு, கண்ணாடி அலமாரியில் பட்டுச் சிதறின. பூத்தவை ஏழு. "வோல்டேஜ் சரியில்லை! இந்தத் தீவின் கரண்டை நம்பி எவன் பிழைப்பான்!" என்று வீரர் முழங்கினார். "ஓஹோ, இங்க கரண்டு சரியில்லையா அத்தான்?" என்று கேட்டு அருண்பிரசாத் ஒரு விரலை மடக்கினான்.

அடுத்து எழுந்தது கைப்பிடி சுழற்றும் அலுமினியப் பாத்திரம். அடுப்பேற்றி, எண்ணெய் வார்த்து, சோளமிட்டு, மூடிமேல் நீட்டிக்கொண்டிருந்த பிடியைப் பற்றிச் சுழற்றினார் சுழற்றினார், தோள்பட்டை கழன்றுவிடும்போல் சுழற்றினார். உள்ளே கடகட என்றதேயன்றிப் படபட என்றபாடில்லை. பிறகு எழுந்தது புகை. கரும்புகை, கண்ணெரிக்கும் புகை, எதிர்வீட்டார் சன்னல் சாத்திய புகை. மூடியைத் திறந்தால், மிளகுக்கு அண்ணன்போல் கருத்துக்கிடந்தன மணிகள். "சிலிண்டர் கோளாறு! கப்பல் தாமதமென்று அரைகுறையாக அடைத்து அனுப்புகிறார்கள், தீயே நிற்கவில்லை!" என்று கர்ஜித்தார். இரண்டாம் விரலும் மடங்கியது. ஐயோ, யாருக்காக வாதாடுகிறோமென்று அந்த மனிதருக்கு அப்போதாவது உறைத்திருக்கக்கூடாதா?

மூன்றாவதும் கடைசியுமான படைக்கலம் மைக்ரோவேவில் வைக்கும் சிலிகான் ரப்பர்க் கிண்ணம். தொலைக்காட்சியில் நாணயம் சுண்டும் நேரம். உள்ளே விளக்கெரிய, தட்டு சுழல, கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிவைத்து அவர் தவமிருந்தார். ஒரு பட். நெடிய மௌனம். இன்னொரு பட். அப்புறம் தீய்ந்த வாடை. "உப்புக்காற்று பட்டால் எந்த மெஷின்தான் உருப்படும்? இந்த ஊரில் எதை வாங்கி என்ன பயன்!" என்று தம் தங்கத்தீவைத் தாமே தூற்றிக் கிண்ணத்தைக் குப்பைக்கூடையில் எறிந்தார்.

"இதைத்தானே அத்தான் நான் பத்துநாளா சொல்றேன்?" என்றான் அருண்பிரசாத்.

சொன்னதெல்லாம் அவர் வாயால் சொன்னது. திரையில் பந்து வீச்சாளன் ஓடிவந்துகொண்டிருந்தான். ஊறுகாய் ஜாடி நகர்ந்தது. மனு வெளியே வந்தது. கோப்புகளில் கூசாமல் கையெழுத்திட்ட கை அன்று பேனாவை இருமுறை மூடி மூன்றாம் முறை திறந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆண்மகன் என்று அடக்கிக்கொண்டார். முழுப்பெயரையும் எழுதிக் கீழே தேதியும் போட்டார்.

அந்நேரம், புகையைக் கண்டு படியேறி ஓடிவந்தாள் காதர் பாயின் மனைவி மெஹருன்னிசா. கையில் பெரியதொரு பாத்திரம். அதில் மல்லிகைக் குவியல்போல் வெள்ளை வெளேரென்று பாப்கார்ன்.

"என்னண்ணே, வீடு பத்திக்கிருச்சோன்னு பயந்துட்டேன். மேட்ச் பாக்க நாங்களும் கொஞ்சம் பொரிச்சோம், இந்தாங்கக்கா."

சொக்கலிங்கனார் கேட்டார்: "எந்த ஊர் சோளம்? எந்த மெஷின்?"

"நம்ம கடை மூட்டைதான்ணே, நீங்க வாங்கின அதே மூட்டை. மெஷினெல்லாம் ஏது? இருப்புச்சட்டியில எண்ணெய ஊத்தித் தட்டப் போட்டு மூடுனேன், அம்புட்டுத்தான்."

"வெயில்ல எத்தனை நாள் காயவச்சே?"

"அரே அண்ணே! இதைப் போய் யாராச்சும் காயவப்பாகளா? உள்ள இருக்குற ஈரந்தானே சூடாகி அதை வெடிக்கவைக்குது!"

அதே தீவு. அதே சிலிண்டர். அதே உப்புக்காற்று. பழியத்தனையும் ஏற்றுக் குற்றவாளிக்கூண்டில் நின்ற அந்தமான், ஒரு தவறும் செய்யாத அந்தமான், சன்னலுக்கு வெளியே பளிச்சென்று வெயிலடித்துக்கொண்டு கிடந்தது. வீராதிவீரர், மூன்று பொரிப்பான்களின் ஏகாதிபதி, ஆறு பகல் வெயில் காத்த அரும்பெருந்தலைவர், மைத்துனன் இரு கையாலும் அள்ளியள்ளித் தின்பதைப் பார்த்தபடி நாற்காலியில் மெல்லச் சரிந்தார்.

ஜெயலட்சுமி மனுவை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு, ஒரு வாய் பாப்கார்ன் எடுத்துப் போட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் உப்பு போட்டிருக்கலாம் என்றாள்.