மைனஸ் சாரும் அறுபது மெத்தைகளும்

ராஜபாளையத்தில் மழைமேகத்தைப் பார்த்துப் பயந்த ஒரே மனிதர் எங்கள் மைனஸ் சார்தான். மேற்கே மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வந்தால் ஊரே முகம் மலர்ந்து நிற்கும். இவர் மட்டும் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, "ஈரப்பதம் வருதும்மா... ஈரப்பதம் வருது" என்று, போலீஸ் வருவதைச் சொல்கிற குரலில் சொல்லிவிட்டு உள்ளே ஓடுவார்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டில் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. "நல்லா இருக்கியளா சார்?" என்று கேட்டால் "மைனஸ் அஞ்சரை" என்பார். கேட்டவர் விழிப்பார். அவர் சொன்னது எங்கள் பனித்தளத்தின் வெப்பநிலையை. அவர் நலமும் அதன் நலமும் அவருக்கு ஒன்றுதான். மைனஸ் மூன்று என்றால் அன்றைக்கு அவருடைய மதியச் சாப்பாடு திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிப் போகும்.

சிரிக்காதீர்கள். ராஜபாளையத்தில் பனிச்சறுக்குத் தளம் நிஜமாகவே இருந்தது, இப்போதும் இருக்கிறது. எங்கள் முதலாளி வெளிநாட்டுக்குப் போன இடத்தில் அதைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓடாமல் கிடந்த மில்லின் குடோனில் ஒன்றைப் போட்டுவிட்டார். ஊர் அதற்கு 'ஐஸ் கொட்டகை' என்று பெயர் வைத்தது. தளவாய்புரத்தில் நைட்டி தைத்துக்கொண்டிருந்த நான் அங்கே ஷூ கவுண்டரில் சேர்ந்தேன். இரும்புப் பட்டை வைத்த ஷூவை எடுத்துக் கொடுப்பதும், திரும்பி வருகிற ஷூவின் வாடையைச் சகித்துக்கொள்வதும் என் வேலை. மேலாளராக வந்தவர்தான், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன மைனஸ் சார். சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டரோடு பஸ்ஸில் ஏறுவார். கொட்டகைக்குள் குளிர், அதனால் போடுவார். வெளியே வந்ததும் கழற்ற மறந்துவிடுவார்.

வந்த முதல் வாரமே, "ஏம்மா, ரெண்டு டிரம் சுடுதண்ணி வேணும். கொதிக்கக் கொதிக்க வேணும்" என்றார். குளிக்கப் போகிறார் என்று நினைத்தேன். மனிதர் நேரே போய்ப் பனிமேல் ஊற்றிவிட்டார். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"யோவ், என்னய்யா பண்றீரு? ஐஸ் மேல சுடுதண்ணிய ஊத்துறீரு! கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"சுடுதண்ணிதான் மொதலாளி, மேல இருக்க கீறலையெல்லாம் எளக்கி ஒட்டவைக்கும். பச்சைத்தண்ணி ஊத்துனா குமிழு குமிழா உறைஞ்சு, தோலு மாதிரி உரிஞ்சு வந்துரும்" என்றார் சார், குனிந்த தலை நிமிராமல். சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியைச் சுருட்டி ஒரு கம்பில் கட்டி, அதை இழுத்துக்கொண்டே தளம் முழுக்க நடந்தார். செத்த நேரத்தில் பனி கண்ணாடியாகிவிட்டது. அதே துணியில் மிச்சமிருந்ததை முதலுதவிப் பெட்டியில் வைத்தார். விழுகிறவர்களுக்கும் கட்டவேண்டுமே.

விழாதவர் யார்? ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் வந்தார். மணிக்கட்டுக்கு உறை போடச் சொல்லி சார் கெஞ்சினார். "தம்பி, நான் சியாச்சின்லயே நின்னவன்" என்று மீசையைத் தடவியபடி இறங்கினார் ஹவில்தார். இறங்கிய வேகத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த நிலையிலேயே எதிர்ச்சுவர் வரைக்கும் போய்ச் சேர்ந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சார்தான் மூன்று நாள் தூங்காமல், தினமும் போன் போட்டு, "இடுப்பு எப்படி இருக்குய்யா?" என்று விசாரித்தார்.

சாருக்கு ஜென்மப் பகை திறந்த கதவு. கதவு திறந்தால் வெக்கை வரும், ஈரம் வரும், பனி வியர்க்கும். "கதவச் சாத்து!" என்ற குரல் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் கனவிலும் கேட்டது. வெளியே போனாலும் விடமாட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடைக்காரரிடம், "அண்ணாச்சி, அந்தப் பிரிட்ஜு மூணு நிமிசமாத் தொறந்து கெடக்கு" என்று சொல்லி, அவர் வியாபாரத்தை விட்டுவிட்டு மூடும் வரைக்கும் நகராமல் நின்றவர்.

இவர் ஒருவர்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, இதற்கொரு சங்கமே இருக்கிறது. தென்னாட்டுப் பனித்தள மேலாளர்களின் சங்கம். மொத்தம் ஒன்பது பேர். செல்போனில் 'பூஜ்யத்துக்குக் கீழே' என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். காலை ஆறு மணிக்கு ஒவ்வொருவரும் தங்கள் தளத்தின் வெப்பநிலையைப் போடவேண்டும். காலை வணக்கம், பூப்படம் எதற்கும் அனுமதி இல்லை. மைனஸ் நான்கு, மைனஸ் ஆறு என்று வரிசையாக வரும். அதன்பின் அன்றைய கவலைகள் வரும். ஒருவருக்குக் கம்ப்ரஸர் பாகம் கிடைக்கவில்லை. ஒருவருக்கு உறை போட மறுக்கிற வாடிக்கையாளர்கள். ஏதோ ஒரு ஊர் ஆபீசில் உரிமம் கேட்கப் போனவரிடம், "ஒரு நாளைக்கு எத்தன பார் ஐஸ் போடுவீங்க? மீனுக்கா, ஜூஸுக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு சார் அன்று முழுக்க, "நம்மள எந்தக் கணக்குலயுமே சேக்க மாட்டேங்கானே" என்று புலம்பினார். சாருக்கு விரல் நடுங்கும் என்பதால் குழுவில் என்னையும் சேர்த்து, டைப் அடிக்கும் பொறுப்பைத் தந்திருந்தார்.

உலகத்தில் உள்ள அத்தனைக்கும் பயந்த மனிதருக்கு, உண்மையில் பயப்படவேண்டிய ஒன்று மட்டும் தெரியாது. எனக்குத் தெரியும். முதலாளிக்குப் பனி அலுத்துவிட்டது. கொட்டகையைக் கல்யாண மண்டபமாக்க முடிவு செய்து, வரப்போகும் கல்யாண வீட்டார் படுத்துறங்க அறுபது மெத்தையும் வாங்கி மாடி அறையில் அடுக்கிவிட்டார். சாவி என்னிடம்தான். "அவருகிட்ட மூச்சு விட்றாத. இந்தச் சங்கக் கூட்டம் முடியட்டும், நானே சொல்லிக்கிடுதேன்" என்றார். அந்த வருடச் சங்கக் கூட்டம் எங்கள் தளத்தில்தான் நடக்க இருந்தது. சார் ஒரு மாதமாகத் தரையில் நிற்கவில்லை. அவர் தோரணத்துக்கு மாவிலை சொல்லிக்கொண்டிருக்க, நான் இடுப்பில் சாவியோடு திருடியைப்போல முழித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் வேலை போகும்தான். அதைவிட, இவர் பனியில்லாமல் என்ன செய்வார் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

கூட்டம் புதன்கிழமை. மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை வியாழன் என்று சார் காலண்டரில் கறுப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருந்தார். அதை ஒரு நாள் முன்னதாக மாற்றிய அறிவிப்பு புதன்கிழமை காலைப் பேப்பரில்தான் வந்தது. ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. மாலை வரைக்கும் வராது.

"ஜெனரேட்டர் இருக்குல்ல சார்" என்றேன். இருந்தது. எங்கள் மெக்கானிக் காதர் பாய் அதை ஓட்டினார். பத்து மணிக்கு அது இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

"பம்பு போயிருச்சு சார். சாமான் மதுரையில இருந்து வரணும்" என்று கையைத் துடைத்தபடி வந்தார் பாய். "வர சாயந்தரம் ஆயிரும்."

வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் பனியின் மேல் மினுமினு என்று வியர்வை. சார் விளிம்பில் மண்டிபோட்டு வெப்பமானியை வைத்துக்கொண்டு, "நாலு... மூணே முக்கா..." என்று வாய்விட்டு எண்ணினார். அந்தக் குரலை என்னால் கேட்கமுடியவில்லை.

"போத்தணும்மா" என்றார். "வெக்க உள்ள எறங்காம மொத்தமாப் போத்திட்டா நிக்கும். தார்ப்பாய் இருக்கு. அதுக்கு மேல கனமா எதாச்சும் வேணும். இம்புட்டு எடத்துக்கு எங்க போவேன்?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் பனி பிழைக்கும். சொன்னால் இவருக்கும் தெரிந்துபோகும்.

"மாடியில அறுபது மெத்தை இருக்கு சார்."

"மெத்தையா? எதுக்கு?"

"இத... கல்யாண மண்டபமா மாத்தப் போறாக சார். மொதலாளி சொல்லவேண்டாம்னாக."

அவர் என்னைப் பார்த்தார். வெப்பமானியைப் பார்த்தார். அழுதுவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"எலவம் பஞ்சா, ஃபோமா?"

"எலவம் பஞ்சு சார்."

"நல்லதாப் போச்சு. சாவியக் கொண்டா."

அந்த நேரம் பார்த்து வேனில் வந்து இறங்கினார்கள் சங்கத்தின் மற்ற எட்டுப் பேர். ஆண்டாளைச் சேவித்துவிட்டு, நெற்றியில் குங்குமமும் கையில் பால்கோவாப் பொட்டலமுமாக வந்தவர்கள். சங்கத் தலைவர் கோயம்புத்தூர்க்காரர், ஆள் வாட்டசாட்டம். மாடிப்படியில் மெத்தையைத் தலையில் சுமந்து இறங்கிய சாரைப் பார்த்து, "ஏனுங்க, எங்களுக்குங்களா? மதியம் தூங்கற பழக்கமில்லீங்களே" என்றார்.

"கரண்ட் இல்ல. ஜெனரேட்டர் போச்சு. மைனஸ் மூணு" என்றார் சார்.

பால்கோவா என் கவுண்டர்மேல் வந்து விழுந்தது. எட்டுப் பேரும் சட்டைக் கையை மடித்தார்கள். தார்ப்பாயை விரித்தோம், மெத்தைகளை நெருக்கிப் போட்டோம். ஒரு மூலைக்குக் குறைந்தது. அங்கே மேடைக்கு வைத்திருந்த ஜமுக்காளத்தையும், தலைவருக்குப் போர்த்த வாங்கியிருந்த பொன்னாடையையும் போட்டோம். "போடுங்க, போடுங்க. அதுக்குப் போர்த்துனா என்ன, எனக்குப் போர்த்துனா என்ன" என்றார் தலைவர். கதவைச் சாத்தி, இருட்டில் ஷூ கவுண்டரைச் சுற்றி உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தில் கூட்டம் ஆரம்பமானது. முதல் தீர்மானமே மின்தடை பற்றித்தான். மெத்தை வந்த கதையை நான் தலைவரிடம் மெல்லச் சொல்லிவிட்டேன். சார் மட்டும் ஈரமான காலுறையோடு தளத்தின் ஓரமாகவே நடந்துகொண்டிருந்தார்.

நடுவில் முதலாளி வந்து கதவைத் தட்டினார்.

"தொறக்க முடியாது மொதலாளி" என்றார் சார் உள்ளேயிருந்து.

"யோவ், என் கட்டடம்யா!"

"உங்க கட்டடந்தான். ஆனா வெளிய வெக்கையா இருக்கு."

"அந்த வெக்கையிலதான்யா நான் நிக்கேன்!"

"செத்த நேரம் நில்லுங்க. சாயந்தரம் நாலு மணிக்குத் தொறக்கேன்."

முதலாளியை அவர் எதிர்த்துப் பேசியது அன்றைக்குத்தான். முதலாளி கொஞ்ச நேரம் கத்திப் பார்த்துவிட்டு, எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

நாலரைக்குக் கரண்ட் வந்தது. கம்ப்ரஸர் உறுமியது. மெத்தைகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். கீழே பனி இருந்தது! மேலே ஒரு விரல்நுனி ஈரம், அவ்வளவுதான். சார் குனிந்து பார்த்து, "மைனஸ் ஒண்ணு" என்றார். ஒன்பது நடுவயதுக்காரர்கள் கைதட்டி ஆர்ப்பரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் கவுண்டருக்குக் கீழே குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

உள்ளே வந்த முதலாளி ஈரம் சொட்டும் மெத்தைகளில் ஒன்றை அமுக்கிப் பார்த்தார். தலைவர் அவர் தோளில் கைபோட்டார். "ஏனுங்க, இதை மண்டபமாக்கறீங்களாமா? தாராளமா செய்யுங்க. ஆனா இந்த மனுசன எனக்குக் குடுத்துருங்க. இப்பவே வேன்ல கூட்டிட்டுப் போயிர்றேன்."

முதலாளிகளை எனக்குத் தெரியும். தன் வீட்டு மாட்டை அடுத்தவன் விலை கேட்டால்தான் அதன் முகத்தையே பார்ப்பார்கள். "அதெல்லாம் ஆகாதுங்க. இவரு எங்க ஆளு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மண்டபத்த இப்போதைக்கு ஒத்திவைப்போம். இந்த மெத்தையில எந்த மாப்பிள்ள வீட்டுக்காரன் படுப்பான்?" என்றார். அந்த 'இப்போதைக்கு' இன்னும் அங்கே கூரையில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் குழுவில் ராஜபாளையத்தின் எண் வரவில்லை. சாருக்குக் காய்ச்சல், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக அவருடைய அக்கா போன் செய்தார். நானே ஓடிப்போய் அளந்து 'மைனஸ் ஐந்தரை' என்று போட்டு, சாருக்குக் காய்ச்சல் என்றும் சேர்த்தேன். யாரும் பனியைக் கண்டுகொள்ளவில்லை. "அது கெடக்குதுங்க. அவருக்கு எவ்வளவு?" என்று தலைவர் கேட்டார். மற்ற ஏழு பேரும் அதையே கேட்டார்கள். ஒருவர் விதியை மீறி ரோஜாப்பூப் படமே போட்டுவிட்டார். அக்காவிடம் கேட்டு, 'பிளஸ் 102' என்று பதிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது சார் கம்பளிக்குள் கிடந்தார். "எம்புட்டும்மா?" என்றார்.

"மைனஸ் அஞ்சரை சார். உங்களுக்கு எம்புட்டு?"

சுற்றும்முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நூத்தி ரெண்டு. வெளிய யார்ட்டயும் சொல்லிறாத. போறப்ப அந்தக் கதவச் சாத்திட்டுப் போ."

சாயந்தரம் போனை வாங்கிப் பார்த்திருக்கிறார். உடனே என்னைக் கூப்பிட்டார். "என்னம்மா இது, நம்ம குழுவுல போயி பிளஸ்ஸப் போட்டு வச்சிருக்க! சங்கத்துக்கே அசிங்கம். அழிச்சிரு."

"எனக்கு அழிக்கத் தெரியாதே சார்" என்றேன்.

வீட்டுக்காரருக்கு மாற்றலாகி நான் மதுரைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. இன்றைக்கும் காலை ஆறு மணிக்கு ராஜபாளையத்தின் எண் வந்த பிறகுதான் எனக்குக் காபி இறங்குகிறது. மழைக்காலத்தில் அது ஐந்து நிமிடம் தாமதமானாலும் கை போனுக்குப் போய்விடும். அந்த பிளஸ் 102-ம் அங்கேயே இருக்கிறது. அன்றைக்கே எனக்கு அழிக்கத் தெரிந்திருந்தது. எட்டு ஊரிலிருந்து எட்டுப் பேர் எங்கள் சாரை விசாரித்துக் கேட்ட எண் அது. அழிக்க மனசு வரவில்லை.