ஏழு ஏ பஸ்ஸும் எடை இல்லாத ரயிலும்

ராமநாதபுரம் மாவட்டம் முன்னேற வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது. யார் முடிவு செய்தார்கள், மாவட்டத்தை ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதெல்லாம் கோப்பில் இல்லை. கோப்பில் இருந்தது ஒரே ஒரு வரி: ‘பொதுமக்களின் நீண்டநாள் கோரிக்கையை ஏற்று, ராமநாதபுரம் முதல் நாவல்வலசை வரை லைட் ரயில் விடப்படும்.’ பொதுமக்களின் நீண்டநாள் கோரிக்கை உண்மையில் குடிதண்ணீர். அது ரொம்பவே நீண்டநாள் ஆகிவிட்டதால், பழைய சாமான் என்று கழித்துவிட்டார்கள்.

கடற்கரையோரத்து நாவல்வலசை இந்த நல்ல சேதியை பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸில்தான் படித்தது. ‘இவ்வழித்தடத்தில் லைட் ரயில் வரவிருப்பதை முன்னிட்டு, தடம் எண் 7ஏ நகரப் பேருந்து இன்று முதல் மகிழ்ச்சியுடன் நிறுத்தப்படுகிறது.’

படித்தவர்களில் சதக்கத்துல்லாவும் ஒருவர். வளைகுடா நகரம் ஒன்றில் பதினோரு வருஷம் டிராம் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். ஒரு நடைக்கு முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு, நிமிஷம் பிசகாமல் ஓட்டிய மனிதர். லைட் ரயில் என்றால் என்னவென்று தெரிந்தவர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் ஒருவர்தான். அதனால் நோட்டீஸைப் படித்ததும் முதலில் அவருக்குச் சந்தோஷம்தான் வந்தது. மகள் சுஹாவின் ஞாபகம் அப்புறம்தான் வந்தது.

சுஹா டவுனில் நர்சிங் இரண்டாம் வருஷம். நூற்றுக்கு எண்பது நாள் வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். கல்லூரி பன்னிரண்டு கிலோமீட்டர். ஏழு ஏ போய்விட்டால் மிச்சம் இருப்பது ஷேர் ஆட்டோ. அது ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். நிறைந்தது என்று யாருக்குத் தோன்ற வேண்டுமோ அந்த டிரைவருக்கு அப்படித் தோன்றவே தோன்றாது.

“ரயிலு எப்ப வாப்பா வரும்?” என்று கேட்டாள் சுஹா.

“பஸ்ஸையே நிப்பாட்டிட்டாகன்னா, ரயிலு கிட்டத்துல வந்துருச்சுன்னுதானம்மா அர்த்தம்” என்றார் சதக்கத்துல்லா. பதினோரு வருஷம் வெளிநாட்டில் இருந்தவர். மன்னித்துவிடலாம்.

இரண்டு மாதம் கழித்து ரோட்டோரத்தில் வேலை தொடங்கியது. தண்டவாளம் வரவில்லை. விளக்குக் கம்பங்கள் வந்தன. இருநூற்றுப் பதினான்கு கம்பங்கள், வரிசையாக, நாவல்வலசை வரைக்கும். சதக்கத்துல்லா எண்ணிப் பார்த்துவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து டவுனுக்குப் போனார். ‘ஒளி இரயில் திட்டத் தனி அலுவலகம்’ என்று பலகை மாட்டியிருந்த இடத்தில் கூத்தையா என்ற கிளார்க் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க பாய். கம்பமெல்லாம் பாத்தீகளா?”

“பாத்தேன். தண்டவாளம் எங்கண்ணே?”

“எதுக்குத் தண்டவாளம்? பைல்ல லைட்டுன்னு இருந்துச்சு. தெருவிளக்குப் பிரிவுக்கு அனுப்பிச்சோம். அவுக நட்டுட்டாக.”

“லைட்டுக்குப் பின்னாடி ரயிலுன்னும் இருந்திருக்குமே?”

“இருந்துச்சு. மொத வார்த்தை எந்தப் பிரிவோ, பைலு அந்தப் பிரிவுக்குத்தான் போகும். அது விதி.”

“அண்ணே, இந்த லைட்டு விளக்கு இல்ல. லேசுன்னு அர்த்தம். எடை கம்மி.”

கூத்தையா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இருபத்தொன்பது வருஷ சர்வீஸில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

“அப்ப கம்பமெல்லாம்?”

“அது பாட்டுக்கு எரியட்டும்ணே.”

“எரியாது பாய். கரண்டு வேற பிரிவு.”

விஷயம் தனி அலுவலர் ராமசுப்பிரமணியன் வரைக்கும் போனது. அவர் உடனே, அதாவது ஐந்து வாரத்தில், உயர்மட்டக் குழுவைக் கூட்டினார். சதக்கத்துல்லாவுக்கு ‘டிராம் நிபுணர்’ என்று பட்டம் கொடுத்து, அவரையும் கூப்பிட்டார்கள். குழுவில் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு காரில் வந்தார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாக வீடு. அவர்களும் முன்னும் பின்னுமாகத் தனித்தனிக் காரில் வந்து இறங்கினார்கள். கார் நிறுத்த இடம் கிடைக்காததால், பொதுப் போக்குவரத்தை மேம்படுத்தும் கூட்டம் முக்கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது.

“இலகு என்பதற்குரிய வரையறை என்ன?” என்று கேட்டார் தனி அலுவலர்.

“சாதாரண ரயிலை விட எடை கம்மி சார். ரோட்டோரமாவே ஓடிரும்.”

“ரோட்டோரம் என்றால், துல்லியமாக எந்த இடம்?”

“இப்ப ரெண்டு பக்கமும் காரு நிக்குதுல்ல சார், அந்த எடம்.”

“அங்கே கார் நிற்கிறதே?”

“அதை எடுத்துரணும் சார்.”

பன்னிரண்டு கைகள் பன்னிரண்டு சட்டைப் பைக்குள் போய்ச் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டன.

“காரை அகற்றுவது மக்கள் விரோதம்” என்றார் தனி அலுவலர். “ஆகவே ரயில்தான் இன்னும் இலகுவாக வேண்டும்.”

அதற்குப் பிறகு நடந்தது, கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை. இருப்பதிலேயே கனமான பொருள் தண்டவாளம் என்று ஒரு உறுப்பினர் சுட்டிக்காட்டினார். தண்டவாளம் நீக்கப்பட்டது. தண்டவாளம் இல்லாத ரயிலுக்குச் சக்கரம் எதற்கு என்று இன்னொருவர் நியாயமாகக் கேட்டார். சக்கரமும் போயிற்று. சக்கரம் இல்லாத பெட்டி நகராது, நகராத பெட்டி ஆக்கிரமிப்பு. ஆகவே பெட்டியும் போயிற்று.

“பயணிகள்?” என்று கேட்டார் கடைசியில் இருந்தவர்.

“கூடுதல் எடை. தவிர்க்கலாம்.”

மிஞ்சியது நிலையம் மட்டும். அது தரையிலேயே இருப்பதால் எடைக் கணக்கில் வராது என்று முடிவாயிற்று. நிலையத்துக்கு வருகிறவர்கள் காரில்தான் வருவார்கள். ஆகவே பழைய பஸ் நிறுத்தம், பஸ் திரும்பும் மைதானம் எல்லாவற்றையும் சேர்த்து நூற்றிருபது கார் நிற்க இடம் ஒதுக்கினார்கள்.

“ரயிலே இல்லையே சார்” என்றார் சதக்கத்துல்லா. “எதுக்கு வருவாக?”

“காரை நிறுத்துவதற்கு” என்றார் தனி அலுவலர். இவ்வளவு எளிய விஷயம் ஒரு நிபுணருக்குப் புரியவில்லையே என்று அவருக்கு வருத்தம். ‘டிராம் நிபுணரின் ஆலோசனைப்படி ரயிலின் எடை முழுமையாகக் குறைக்கப்பட்டது’ என்று கூத்தையா தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

திறப்பு விழாவுக்குப் பந்தல், ரிப்பன், மேளம் எல்லாம் இருந்தது. ராமசுப்பிரமணியன் பச்சைக் கொடியை அசைத்தார். அவருடைய காரே நகர்ந்து போய், கார் நிறுத்தக் கோடு போட்ட முதல் கட்டத்துக்குள் நின்றது. கூட்டம் கைதட்டியது. கூட்டத்தில் பூமயிலும் இருந்தாள். நாவல்வலசையில் நண்டு வாங்கி டவுன் மார்க்கெட்டில் விற்கிறவள். ஏழு ஏ இருந்த வரைக்கும் கூடையும் கையுமாக அதில்தான் போய் வந்தாள். அவள் கைதட்டவில்லை.

“அய்யா, அந்தப் பழைய பஸ்ஸையாச்சும் திருப்பி விடுங்கய்யா” என்றாள்.

“அம்மா, பஸ்ஸை விட்டால் ரயிலில் யார் ஏறுவார்கள்?”

“ரயிலே இல்லையேய்யா!”

“அதனால்தான் சொல்கிறேன். இப்போதே ரயிலுக்கு ஒரு பயணிகூட இல்லை. பஸ்ஸையும் விட்டால் நிலைமை இன்னும் மோசமாகிவிடும்.”

படித்தவர்கள் பேச்சுக்குப் பதில் சொல்ல அதைவிட அதிகமாக முட்டாளாக இருக்க வேண்டும், பாவம், பூமயிலுக்கு அந்தப் படிப்பு இல்லை.

சதக்கத்துல்லா விடாமல் மனு எழுதினார். ஒன்பது மனு. ஒன்பதுக்கும் ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. அதற்குள் சுஹாவின் வருகை எழுபத்துநாலுக்கு இறங்கிவிட்டது. அவருடைய மனைவி மலிகா ஒருநாள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

“ஊரே காரு வாங்குது. நீங்க மனு எழுதிக்கிட்டே இருங்க. புள்ள ஒரு வருசம் வீட்டுல குந்தட்டும்.”

அவர் மனம் உடைந்துதான் கார் வாங்கினார். அதைச் சொல்லாமல் விடக் கூடாது. முதல் வாரம் வரைக்கும் காரைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விட்டார். இரண்டாவது வாரம் பெருமூச்சு நின்றது. மூன்றாவது வாரம் தினமும் இரண்டு தடவை துடைக்க ஆரம்பித்தார். தெரு குறுகல் என்பதால் காரை நிலையத்தில்தான் நிறுத்த வேண்டும். எரியாத விளக்குக் கம்பம் ஒன்றின் கீழே நல்ல இடமாகப் பிடித்துக்கொண்டார். அங்கே ஒரு ஆடு வந்து நின்றால்கூட வீட்டிலிருந்து ஓடி வந்து விரட்டுவார். காரும் காரும் நிற்கிற இடத்தில் பேச்சும் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. மைலேஜ் என்ன, சீட்டு கவர் எங்கே போட்டீர்கள், பஸ்ஸில் போகிற சனங்களுக்குச் சுத்தமே கிடையாது. கொஞ்ச நாளில் இந்தக் கடைசி வாக்கியத்தை அவரும் சொல்லப் பழகிவிட்டார்.

எப்படியோ சுஹாவின் வருகை எண்பத்தொன்றைத் தொட்டது. பரீட்சை எழுதலாம்.

பூமயில் ஒருநாள் காலையில் நிலையத்தில் வந்து நின்றாள். “பாய், வெள்ளன டவுனுக்குத்தான போறீக? என்னையும் ஏத்திக்கிருங்களேன். ஷேர் ஆட்டோக்காரன் கூடைக்கு எடமில்லங்கறான்.”

பின் சீட்டு முழுக்கக் காலி.

“ஏத்திக்கிரலாம் பூமயிலு. அதுக்கென்ன” என்றார் சதக்கத்துல்லா. “சீட்டு புதுசு. நண்டு வாடை போவாது, அதான் பாக்குறேன்.”

சுஹா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்நூறு பேரை ஏற்றிய மனிதர் ஒரு கூடையை ஏற்ற யோசித்தார். யோசித்துக்கொண்டே கிளம்பியும் போனார்.

இந்த நேரத்தில்தான் ஒரு விபரீதம் நடந்தது. மேலிடத்தில் யாரோ விவரம் தெரிந்தவர் பதவிக்கு வந்துவிட்டார். கோப்பு பிழை திருத்தப்பட்டுத் திரும்பி வந்தது. இலகு ரயில், உண்மையான தண்டவாளத்தோடு, உண்மையான நாலு பெட்டியோடு. வேலை முடிகிற வரைக்கும் ஏழு ஏ பஸ்ஸும் மறுபடி ஓடும். ஒரே ஒரு நிபந்தனை: பஸ் திரும்புவதற்கும் தண்டவாளம் போடுவதற்கும் இடம் வேண்டும், ஆகவே கார் நிறுத்துமிடத்தைக் காலி செய்ய வேண்டும். ஆட்சேபணை இருந்தால் வரும் புதன்கிழமைக்குள் தெரிவிக்கலாம்.

ஊர் கொதித்தது. ரயில் இல்லாதபோது கொதிக்காத ஊர், பஸ் இல்லாதபோது கொதிக்காத ஊர், இப்போது கொதித்தது.

“எங்க காரையெல்லாம் எங்கன கொண்டுபோய் நிறுத்துறது?” என்று கூட்டத்தில் எழுந்து கேட்டார் சதக்கத்துல்லா. “பதினோரு வருசம் டிராம் ஓட்டுனவன் சொல்றேன். நம்ம ஊருக்கு இதெல்லாம் ஒத்து வராது.”

புதன்கிழமை காலை தனி அலுவலகத்துக்குக் கார் பேரணி போவது என்று முடிவாயிற்று. அன்றைக்குத்தான் சுஹாவுக்கு முதல் பரீட்சை, பத்து மணிக்கு. “போற வழிதானம்மா. அஞ்சு நிமிசம். கையெழுத்தப் போட்டுட்டு உன்னைய எறக்கி விட்டுர்றேன்” என்றார் வாப்பா.

நாவல்வலசையிலிருந்து நூற்றுப்பத்து கார் கிளம்பியது. சுஹாவைத் தவிர, காருக்கு ஒரு ஆள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் எதற்கென்று கேட்காமலே சேர்ந்துகொண்டார்கள். எட்டே முக்காலுக்கெல்லாம் சதக்கத்துல்லா முன்னால் போய், மனுவில் முதல் கையெழுத்தைப் போட்டார். ராமசுப்பிரமணியனுக்கு முகம் மலர்ந்தது.

“மக்கள் விரும்பாத எதையும் நாங்கள் திணிக்க மாட்டோம்” என்று அறிவித்தார். அந்த அலுவலகத்தில் ஏழு நிமிஷத்தில் மூடப்பட்ட ஒரே கோப்பு அதுதான். ரயிலும் போயிற்று, அதோடு சேர்ந்து ஏழு ஏயும் போயிற்று.

எல்லாரும் வெற்றியோடு காருக்குத் திரும்பினார்கள். ஒரு காரும் நகரவில்லை. முன்னால் போன கார்கள் திரும்ப இடமில்லை, பின்னால் வந்த கார்கள் விலக இடமில்லை. எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். சதக்கத்துல்லாவும் அடித்தார். ஒன்பது ஆயிற்று. ஒன்பது இருபது ஆயிற்று.

“வாப்பா, அஞ்சு நிமிசம்னீக.”

“இந்தா கெளம்பிரும்மா. முன்னாடி இருக்கவன் அறிவில்லாம நிப்பாட்டிருக்கான்.”

முன்னாடி இருந்தவரும் தன் முன்னாடி இருந்தவரைப் பற்றி அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பதரைக்குச் சுஹா பையை எடுத்துக்கொண்டு, வெள்ளைச் சீருடையோடு வெயிலில் இறங்கிவிட்டாள். பின்னால் ஷேர் ஆட்டோவில் மாட்டிக்கொண்ட பூமயிலும் கூடையைத் தலையில் வைத்து நடந்து வந்தாள். கல்லூரிக்கு நாலு கிலோமீட்டர். கார்களுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கி, இரண்டு பேரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். கண்ணாடி ஏற்றிய கார்களுக்குள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

சுஹா போய்ச் சேர்ந்தபோது மணி பத்து இருபது. பத்து மணிக்கு மேல் ஒரு நிமிஷம் ஆனாலும் உள்ளே விடுவதில்லை. கதவருகில் நின்று அழுது பார்த்தாள். விடவில்லை. அடுத்த வாய்ப்பு அடுத்த வருஷம். அதற்கும், தாமதத்துக்கான காரணத்தை எழுதி, பெற்றோர் கையெழுத்தோடு கொண்டுவர வேண்டும் என்றார்கள்.

சாயந்தரம் சதக்கத்துல்லா வீட்டுக்கு வந்ததும், சுஹா எழுதி முடித்த தாளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

‘எங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்கு வருவதற்குப் பொதுப் போக்குவரத்து வசதி எதுவும் இல்லாத காரணத்தால்’ என்று இருந்தது.

அவர் இரண்டு தடவை படித்தார். “நம்மகிட்டத்தான் காரு இருக்கேம்மா” என்றார்.

“அதையும் சேத்து எழுதவா வாப்பா?”

அவர் பேனாவைக் கேட்டு வாங்கி, ‘பெற்றோர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அவர் போட்ட இரண்டாவது கையெழுத்து அது.