கற்கால அடுப்பைத் துடைத்த கதை

எனக்கு அடுப்பு துடைக்கத் தெரியாது. மூலையை விட்டுவிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து மாமியார் சொல்லும் குற்றம். உண்மைதான்.

பள்ளிப்பட்டுப் பக்கம் ஆற்றோரம் தொல்பொருள் துறைக்காரர்கள் குழி தோண்டினார்கள். இரும்பு தெரியாத காலத்தில், கல்லைத் தீட்டிக் கோடாலி செய்தவர்கள் குடியிருந்த இடமாம். மண் சுமக்க நானும் போனேன். (படிப்பு ஐந்தாவது. மண்ணுக்கு அது போதும்.)

ஒருநாள் குழிக்குள் மூன்று கல் தெரிந்தது. நடுவில் சாம்பல். எங்கள் வீட்டு அடுப்பேதான். இதில் என்ன வெந்தது? யார் ஊதியது? மண் கூடையை மறந்து நின்றேன்.

"கொள்ளு வெந்திருக்கலாம்" என்றார், வேலையை நடத்திய மேடம். "இங்க கிடைச்ச ஒரே அடுப்பு இது." சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

மறுநாள் ஆடிக் கிருத்திகை. முந்தின நாளே அடுப்பைத் துடைக்காத வீடு திருத்தணிப் பக்கம் உண்டா? கை சும்மா இருக்கவில்லை. சாம்பலை வாரினேன். வீணாக்குவானேன் என்று டீ டம்ளர்களை அதில் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி மின்னின. சாணம் மெழுகவும் நினைத்தேன். மாடு அகப்படவில்லை. (தப்பித்தேன்.)

மேடம் வந்தார்.

"சாம்பல் எங்கம்மா?"

"தேச்சுட்டேன் மேடம்."

"எதை?"

"டம்ளரை."

மேடம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரிதான் கத்தினார்: "இன்னாமே காரியம் பண்ணே! அதுல இருக்குற கரிய லேபுக்கு அனுப்புனாத்தான் அடுப்புக்கு இன்னா வயசுன்னு தெரியுமாம். தொடச்சி வெச்சிகினு நிக்கிறியே!"

"நாளைக்குக் கிருத்திகைங்க" என்றேன். வேலை போச்சு என்று கூடையைக் கவிழ்த்து வைத்தேன்.

மேடம் குப்புறப் படுத்து, டார்ச் அடித்து, கல் கல்லாகப் பார்த்தார். இடதுபக்கக் கல்லின் மூலையில் சுண்டுவிரல் நகமளவு கரி.

"இங்க மட்டும் ஏன் துடைக்கல?"

"மூலைக்கெல்லாம் நான் போறதில்ல மேடம்."

மேடம் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த வெகுநேரம் ஆனது. வேலை தப்பியது. அடுப்புப் பக்கம் போக மட்டும் தடை.

பிறகு அடுப்பின் வயதும் தெரிந்து வந்தது. மேடம் சொன்ன கணக்கு என் வாயில் நிற்கவில்லை. எனக்கு வேறு யோசனை. அந்தக் கரியை முதலில் மூலையில் விட்டவள் நானில்லை, அந்தக் காலத்தில் அந்த அடுப்பை ஊதியவள். அவளுக்கும் ஒரு மாமியார் இருந்திருப்பாளா?

இப்போது எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு. மூலையில் வழக்கம்போல் பிசுக்கு. மாமியார் வாயைத் திறந்தால் போதும், வீட்டுக்காரர் முந்திக்கொள்வார்:

"வுடும்மா. பின்னால எவனாவது தோண்டுனா, வயசு தெரிய வோணாமா?"