ரோஜாப்பூவைத் தூக்கிய கதை

பதவி வந்தால் ஆள் மாறமாட்டார்கள் என்று நம்புகிறவர்கள் என்னை மாடரேட்டராகப் பார்த்ததில்லை.

பொன்னேரி சித்ரா அக்கா தினமும் பதினோரு மணிக்குத் தன் அடுப்படியிலிருந்து நேரலையில் சமைப்பார். கணவர் சிப்காட்டுக்குக் கிளம்பியதும் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போனில் பார்ப்பேன். சமையல் எனக்கும் தெரியும் (கணவரைக் கேட்காதீர்கள்). நான் போனது வருகைப்பதிவுக்காக. வழக்கமாக வருகிறவர்களின் பெயரை வாசித்த பிறகுதான் அக்கா தாளிப்பார்.

“முல்லை வந்துச்சா? அது வராம கடுகு போட மாட்டேன்பா.”

முல்லை என்பது அங்கே நான் வைத்துக்கொண்ட பெயர். எங்கள் தெருவில் நான் வெறும் பாப்பா அம்மா. அங்கே எனக்காக எண்ணெய் காத்திருந்தது.

ஒருநாள் அக்கா என்னை மாடரேட்டர் ஆக்கினார். மோசமாக எழுதுகிறவர்களை நீக்குவது என் வேலை. படித்தவள் இல்லையா, விதிகளை நோட்டில் எழுதி வைத்தேன். மறுநாளே ரோஜாப்பூ என்ற பெயர் மாட்டியது. ‘உப்பு பத்தாது.’ ‘கெயங்கு வேவல.’ ‘இன்னாமா இப்டி நறுக்கிக்கினுகீற.’

அவமதிப்பா, அக்கறையா? பாப்பாவுக்கு மூன்று வாய் ஊட்டும்வரை யோசித்துவிட்டுத் தூக்கிவிட்டேன்.

உடனே திருநின்றவூரிலிருந்து நாத்தனார் போன் செய்தார்.

“ரேவதி, சமையல் லைவ்ல எவளோ என்னத் தூக்கிட்டா. உங்கண்ணனும் பசங்களும் ட்ரெயின் ஏறிட்டா ஊட்ல பேச ஆளு கெடையாது. ரோஜான்னு கூப்புட அங்கதான் ஒருத்தி இருந்தா.”

அவர் வைத்ததும் நேரலைக்கு ஓடினேன். “ரோஜா எங்கப்பா? எனக்கு உப்பு சொல்றதே அதுதான். வரட்டும், தாளிக்கலாம்” என்று அக்கா கரண்டியோடு நின்றிருந்தார்.

சத்தமில்லாமல் திரும்பச் சேர்த்துவிடலாம் என்றால், அதற்கான பட்டன் கிடைக்கவில்லை. சொன்னால் இங்கே பதவி போகும், அங்கே நாத்தனார் போவார். எல்லோர் கண்ணெதிரே எழுதினேன்: ‘தூக்கியது நான்தான் அக்கா. அவர் என் நாத்தனார். திரும்பச் சேர்க்கத் தெரியவில்லை.’

அக்கா அதைச் சத்தமாகவே வாசித்தார். “அடிப்பாவி முல்லை, குடும்பத்தையே தூக்கிட்டியா?” பிறகு எந்தப் பட்டன் என்று பொறுமையாக எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அதற்குள் எண்ணெய் புகைந்து சமையலறையே மறைந்துவிட்டது.

“ரோஜா, முல்லை உங்க தம்பி பொண்டாட்டிதாம்பா” என்றார் அக்கா புகைக்குள்ளிருந்து.

திரும்பி வந்த ரோஜாப்பூவின் முதல் வரி: ‘அதானே பாத்தேன். எண்ணெய் கருகிச்சி.’

இன்று நாங்கள் இருவருமே மாடரேட்டர்கள், பெருமையாகவே சொல்கிறேன். நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வந்தால் சாம்பாரை ருசி பார்த்துவிட்டு, “உப்பு பத்தலன்னு சொல்லலாமா, தூக்கிடுவியா?” என்று கேட்பார். வீடே சிரிக்கும்.

சிரிக்கட்டும். அவர் வருகிற நாளில், வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்காமல் நான் கடுகு போடுவதில்லை.