அலாரம் அக்காவின் ஒரு மணி நேரம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சூரியன்கூட அலாரம் அக்காவைக் கேட்டுத்தான் உச்சிக்கு வரும். அவருடைய சொந்தப் பெயர், தினமும் காலையில் பெயர் கூப்பிட்டு எங்களை வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளைக்கே மறந்து போயிருந்தது.

அட்டன் டவுன் கடையில் வாங்கிய ஓர் அலாரம் கடிகாரத்தை ரொட்டியோடு சேர்த்து இடுப்பில் கட்டிக்கொண்டுதான் கொழுந்து பறிப்பார். தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் எத்தனை மாதம் என்று விசாரிப்பார்கள். மழை வந்தால் தன் தலையை விட்டுவிட்டுக் கடிகாரத்துக்குக் கம்பளி போர்த்துவார்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அது அலறும். ஒருநாள் தாலி கட்டும் முன் ஓடிப்போன மாப்பிள்ளை ஒருவரின் கதை நடந்துகொண்டிருந்தது. அவர் வேலி தாண்டும் இடத்தில் கடிகாரம் அடித்துவிட்டது.

"எந்திரிங்கடி!"

"ஒரு நிமிஷம்க்கா, புடிச்சாங்களா இல்லையான்னு மட்டும்..."

"இனி வர்ற நிமிஷம் தொரையோடது. அவரும் நம்மளத தொடக்கூடாது, நாமளும் அவரத தொடக்கூடாது."

அந்த மாப்பிள்ளை பிடிபட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆனால் கொழுந்து நிறைந்த மாதங்களில், தோட்டத்தை நிர்வகிக்கும் தொரைதான் எங்கள் நிமிஷத்தைத் தொட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதினால் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு. கொழுந்தைச் சுமந்து போய் வரிசையில் நின்று நிறுக்கக் கொடுப்பதும் அதற்குள்தான். எனக்கோ ஐந்து மாதக் குழந்தை, கீழே, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில். ஓடிப்போய் மடியில் போட்டால், நாலு வாய் குடிப்பதற்குள் கணக்கப்பிள்ளையின் விசில் கேட்கும். வாயிலிருந்து பிடுங்கிக் கிடத்திவிட்டு வருவேன். அழுகை மலைவரை கூடவே வரும். கணக்கப்பிள்ளையிடம் கூடுதல் நேரம் கேட்க எனக்கு நாக்கு எழாது.

அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

கொழுந்து நிறுக்குமிடத்துக்குத் தொரை வந்திருந்த ஒருநாள், சங்கு ஊதியதும் அக்கா அலாரம் முள்ளை ஒரு மணிக்குத் திருப்பி வைத்தார். வரிசை நகர்ந்து அவர் கூடை தராசில் ஏறிய நேரம், இடுப்பிலிருந்து 'கிர்ர்ர்' என்றது. கணக்கப்பிள்ளை துள்ளிவிட்டார்.

"என்ன புள்ள அது?"

"எங்க சாப்பாட்டு நேரம் முடிஞ்சிருச்சாம்ங்க ஐயா. நான் இன்னும் ரொட்டியவே பிரிக்கல."

தொரை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக ஒரு மணி.

"தொரை, நிறுக்கிறது வேலைங்களா, சாப்பாடுங்களா?"

"வேலைதான்."

"அப்ப சாப்பாடு இப்பத்தாங்க தொடங்குது."

தரையில் உட்கார்ந்தார். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, அலாரத்தை இரண்டு மணிக்கு வைத்தார். ரொட்டியைப் பிரித்தார். பின்னால் இருந்த அத்தனை பெண்களும் கூடையை இறக்கி உட்கார்ந்தார்கள். கணக்கப்பிள்ளை விசிலை வாயில் வைத்தார்.

"ஊதாதே," என்றார் தொரை. அவருக்கும் பசி நேரம் போலிருக்கிறது. "இனிமே கொழுந்து நிறுத்து முடிச்ச பொறகுதான் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "மரம் மாதிரி நிக்கிறியே, ஓடுடி!"

ஓடினேன். அன்றுதான் என் மகள் தானாக வாயை எடுக்கும்வரை குடித்தாள். என் விரலைப் பிடித்தபடியே தூங்கினாள். சுவரில் சாய்ந்திருந்த நானும் கண்ணயர்ந்துவிட்டேன்.

திடுக்கிட்டு எழுந்து, மணி இரண்டைத் தாண்டியிருக்கும் என்று மூச்சிரைக்க ஓடி வந்தால், எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். விசிலை மடியில் வைத்துக்கொண்டு கணக்கப்பிள்ளையும் அந்தக் கடிகாரம் அடிக்கக் காத்துக்கொண்டிருக்கிறார். அக்கா வெறும் ரொட்டித் துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"இன்னும் அடிக்கலையாக்கா?"

"சாவி குடுக்க மறந்துட்டேன் போலடி," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அவர் சாவி கொடுத்ததை நான் கண்ணால் பார்த்திருந்தேன். புள்ள தூங்கிட்டா என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகுதான் அக்கா எழுந்தார்.