குழாய் சொல்தாவும் ரோஸ் கலர் கேமராவும்

உலகத்தில் எந்தக் கேமராவையும் அவமானப்படுத்தக்கூடிய மனிதர் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் குழாய் சொல்தாதான். அவர் கடைக்குள் நுழைந்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கேமராக்கள் ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்துகொள்வது போல எனக்குத் தோன்றும்.

நேரு வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறேன். பாஸ்போர்ட் போட்டோ, பிரான்சு விசா போட்டோ, கல்யாண ஆல்பம், கூடவே புதுசும் பழசுமாகக் கொஞ்சம் கேமரா விற்பனை. நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அதனால் அதிகம் பேசுகிற கஸ்டமர்கள் எல்லாரையும் ஓனர் என் பக்கம் தள்ளிவிடுவார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவரை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். இந்த சொல்தாவின் தோளில் எப்போதும் ஒரு தடித்த குழாய் தொங்கும். தூரத்துப் பறவையைக் கைக்கெட்டும் தூரத்தில் காட்டுகிற ஒற்றைக்கண் தொலைநோக்கி, பிரான்சில் இருக்கும் மகள் அனுப்பியது. அதனால் குழாய் சொல்தா. நேரில் பிரெஞ்சு மரியாதையாக "முசியே" என்போம். சொந்தப் பெயர் என்னவென்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

அவருக்கு ஒரு கௌரவப் பிரச்சினை. பனிக்காலத்தில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்துச் சேற்றில் உள்ளான் கூட்டம் வந்து இறங்கும். குருவியைவிடக் கொஞ்சம் பெரிய பறவைகள். அதில் ஒன்றின் மூக்கு நுனி ஸ்பூன் மாதிரி இருந்ததைக் குழாய் வழியாகப் பார்த்துவிட்டார். கரண்டி மூக்கு உள்ளானாம், உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சமாம். பறவை பார்க்கிறவர்களின் மாதக் கூட்டத்தில் எழுந்து சொல்லியிருக்கிறார். கூட்டத்துக்குத் தலைவர் ஒரு காலேஜ் புரொபசர். அவர் ரொம்ப மரியாதையாகக் கேட்டாராம்.

"போட்டோ இருக்கா முசியே?"

"இல்ல."

"அப்ப மூக்குல சேறு ஒட்டிட்டு இருந்திருக்கும்."

எல்லாரும் சிரித்தார்களாம். முசியே சிரிக்கவில்லை. வெயில் காலம் வந்தால் பறவை கிளம்பிவிடும். அதற்குள் குழாயின் பின்பக்கத்தில் வைத்துப் படம் எடுக்க ஒரு கேமரா வேண்டும், அவ்வளவுதான்.

அந்த "அவ்வளவுதான்" எங்கள் கடையைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. குழாயை நிறுத்துகிற முக்காலியைக் கடை வாசலில் விரிப்பார். குழாயை எதிர்ப்பக்க டிரான்ஸ்பார்மர் மேல் உட்கார்ந்திருக்கும் காக்கா மேல் குறி வைப்பார். நான் ஒவ்வொரு கேமராவாக எடுத்துத் தர, அவர் ஒவ்வொன்றாகக் குழாயின் கண்ணில் ஒட்டவைத்துப் பார்ப்பார். விசாவுக்குப் போட்டோ எடுக்க வருகிறவர்கள் குனிந்து குழாயின் அடியில் புகுந்துதான் உள்ளே வர வேண்டும்.

பட்டாளத்துக்காரர் இல்லையா, முதலில் கேட்டதே இருப்பதில் பெரிய கேமராவை. அதை மாட்டியதும் பின்பாரம் தாங்காமல் குழாயின் மூக்கு ஆகாயத்தைப் பார்த்து எழுந்துவிட்டது.

"இன்னா முசியே, பிளேன் பாக்குறீங்களா?" என்றார் ஓனர்.

கையில் தாங்கிப் பிடித்து எடுத்தபோது படம் முழுக்க இருட்டு, நடுவில் சின்ன வட்டம், அதற்குள் ஒரு காக்கா. கிணற்றில் விழுந்த காக்காவை மேலே நின்று எட்டிப் பார்த்தது மாதிரி இருந்தது. அடுத்து, லென்ஸ் முழ நீளத்துக்கு வெளியே வருகிற ஜூம் கேமரா. பட்டனை அழுத்தியதும் அது நீண்டு போய்க் குழாயின் கண்ணாடியில் முட்டியது. முசியே துடித்துப்போனார்.

"எடும்மா அத. மொத நாளே மேல வந்து வுழுது."

செல்போனையும் விடவில்லை. பிளம்பிங் கடையில் பிளாஸ்டிக் பைப் துண்டும், எங்கிருந்தோ ஒரு பவுடர் டப்பா மூடியும் கொண்டுவந்து போனைக் குழாயோடு இணைத்தார். நன்றாகத்தான் வந்தது. ஆனால் அந்தப் போனுக்கு மூன்று லென்ஸ். படம் எடுக்கும் நேரம் பார்த்து அது தானாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும். காக்கா காணாமல் போய்ப் பவுடர் டப்பாவின் உள்பக்கம் அழகாக விழும்.

"மூணு கண்ணு வச்சிருக்குது. எந்தக் கண்ணால பாக்குதுன்னு அதுக்கே தெரியல," என்று என்னிடம் திருப்பிக் கொடுத்தார். போன் என்னுடையது.

ஓனர் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார். "முசியே, கேமரா வாங்கப் போறீங்களா, இல்ல காக்காவுக்கு ஆல்பம் போடப் போறீங்களா?"

"ரெண்டுத்துக்கும் நல்ல கேமராதான் வேணும்," என்றார் முசியே.

கடைக்கு வராத நாட்களில் அவர் எங்கே இருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். என் வீடு அரியாங்குப்பத்தில். தினமும் பாலத்தைத் தாண்டித்தான் வேலைக்கு வருகிறேன். ஒருநாள் ஆற்றங்கரையில் அவர் குழாயும் முக்காலியுமாக நிற்க, மீன் கூடையோடு நாலைந்து பெண்கள் அவரைச் சூழ்ந்திருந்தார்கள். ஏதோ தகராறு என்று வண்டியை நிறுத்தி இறங்கினேன்.

"சார், ரோடு எங்க வூட்டு வழியா வருதா, அப்பால போவுதா? அத மட்டும் சொல்லிடு," என்றார் ஒரு அம்மா.

"நான் பறவ பாக்குறேம்மா."

"அளக்க வர்றவங்க எல்லாம் இப்படித்தான் சொல்லுவாங்க. அப்பறம் கல்லு நட்டுட்டுப் போயிடுவாங்க."

முசியே குழாயை அவர்கள் வீடுகள் பக்கம் திருப்பி, ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "உங்க வூட்டுக்கு ஒண்ணும் ஆவாது. நான் பொறுப்பு."

அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போனால் டீ காசு கொடுக்க விடமாட்டார்கள்.

பங்குனி வெயில் தொடங்கிவிட்டது. முசியேவின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் ஓனரின் மகள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் வைத்திருந்த சின்னக் கேமரா ஒன்று, நான் பிரேம் அடுக்கைத் துடைக்கும்போது கீழே விழுந்தது. சோப்புக்கட்டி அளவு. ரோஸ் கலர். முசியே அதைக் கையால்கூடத் தொடவில்லை.

"பட்டாளத்தோட ஜிபூட்டி பாலைவனத்துல நின்னவன்மா நானு. இத வச்சுகினு எப்படி வெளிய போறது?"

"காக்காவுக்குக் கலரு தெரியாது முசியே, வச்சுத்தான் பாருங்களேன்," என்றார் ஓனர், சீக்கிரம் வாசல் காலியாகட்டும் என்று.

வைத்தார். லென்ஸ் சின்னது, ஜூமும் கொஞ்சம்தான். குழாயின் கண்ணுக்குள் அது கச்சிதமாக உட்கார்ந்தது. இருட்டு இல்லை, வட்டம் இல்லை. படம் முழுக்கக் காக்கா. அதன் கண்ணுக்குள் எங்கள் கடை போர்டே தெரிகிற மாதிரி இருந்தது. முசியே உடனே எலக்ட்ரிக் கடைக்குப் போய்க் கறுப்பு டேப் வாங்கிவந்து, துளி ரோஸ் தெரியாமல் கேமராவைச் சுற்றினார்.

"அத நீங்களே வச்சுக்குங்க. குழாய மட்டும் இனிமே இங்க எடுத்தாராதீங்க," என்று ஓனர் கும்பிட்டார். என் பக்கம் திரும்பி, "ஞாயித்துக்கெழம நீயும் கூடப் போயி அந்த மூக்க எடுத்துக் குடுத்துட்டு வா. இல்லன்னா மறுபடியும் வந்துடுவாரு," என்றார்.

போனேன். நீர் வற்றியிருந்த காலை. எனக்குச் சேறும் புள்ளி புள்ளியாக ஏதோ ஓடுவதும்தான் தெரிந்தது. முசியே குழாயில் கண்ணை வைத்து மெதுவாகத் திருப்பிக்கொண்டே போனவர், சட்டென்று நின்றார்.

"இருக்குதா முசியே?"

"ம்."

"கேமராவ வக்கலாமா?"

"ம்." கண் அசையவில்லை.

"முசியே, கேமரா."

"இரும்மா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குழாயில் பார்க்க இருப்பது ஒரே ஓட்டை. கேமரா வைக்க வேண்டுமென்றால் அவர் கண்ணை எடுக்க வேண்டும். இத்தனை நாள் ஊரில் உள்ள கேமராவை எல்லாம் சொருகிப் பார்த்த மனிதர் இதை மட்டும் யோசிக்கவே இல்லை.

"பனிக்காலம் முழுக்கக் காத்திருந்தேன், இப்பத்தான் மறுபடி வந்து நிக்குது. என் கண்ண எடுத்துட்டு ஒரு பொட்டிய வக்கச் சொல்றியா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து விலகினார். கேமராவுக்காக இல்லை. "நீ பாரு."

முதலில் என் கண்ணிமை முடிதான் தெரிந்தது. பிறகு வெளிச்சம். பிறகு அது. தலையை இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டே சேற்றைத் துழாவியது. பக்கத்துத் தண்ணீரில் மூக்கை விட்டு அலசியது. வெளியே எடுத்தபோதும் நுனியில் ஸ்பூன் இருந்தது. ஒரு படகு இன்ஜின் சத்தத்தோடு வந்தது. கூட்டம் மொத்தமும் எழும்பிப் போய்விட்டது. என் கையில் இருந்த கேமராவை ஆன்கூடச் செய்திருக்கவில்லை.

அன்று சாயங்காலமே லாஸ்பேட்டையில் மாதக் கூட்டம். அவரை என் ஸ்கூட்டரில் கூட்டிப்போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

"என்ன முசியே, போட்டோ கெடச்சுதா?" என்றார் புரொபசர்.

"இல்ல."

அங்கங்கே சிரிப்பு. முசியே கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால்கூட வாய் திறக்காமல் கையைத் தூக்கியவள் நான். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை.

"நான் பாத்தேன் சார்."

"நீங்க யாரும்மா?"

"ஸ்டூடியோவுல வேல செய்றேன். மூக்க தண்ணில விட்டு அலசுச்சு சார். வெளிய எடுத்தப்பவும் ஸ்பூன் அப்படியே இருந்துச்சு. சேறா இருந்தா கரைஞ்சிருக்கும்."

புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த ஞாயித்துக்கெழம எல்லாரும் அங்க போவோம். முசியே, உங்க குழாய எடுத்துட்டு வாங்க," என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

திரும்பும்போது முசியே பின்னால் உட்கார்ந்து வந்தார். பாதி வழியில் என் காதருகே குனிந்தார்.

"நெஜமாவே ஸ்பூனாம்மா அது?"

"இன்னா முசியே இப்படிக் கேக்குறீங்க?"

"ரெண்டு கண்ணும் ஆபரேஷன் பண்ணது. கொஞ்ச நாளா எனக்கே சந்தேகம். அதான் கேமரா கேமரான்னு அலைஞ்சேன்."

"ஸ்பூன்தான் முசியே. நல்லாப் பாத்தேன்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தது வண்டியிலேயே தெரிந்தது. ஏதோ ஒரு பிரெஞ்சுப் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார். பாலம் தாண்டி அவர் தெரு முனை வந்தும் பாட்டு முடியவில்லை. இறங்கச் சொல்ல மனசு வராமல், வண்டியைத் திருப்பி ஊரை இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.