ஐயாயிரம் கேசட்டில் ஒரு குரல்

“கேம் வரலைங்க. அதுக்குப் பதிலா ஒரு ஆம்பளை பேசறாரு” என்றது தொலைபேசி.

ட்ரெவர் சக்டன் அப்போதுதான் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கியிருந்தான். பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது.

“பேசறாரா? என்ன பேசறாரு?”

“லொரேன்னு யாரோ ஒருத்தியாம். அவளைக் கட்டிக்கணுமாம். அழுதுடுவாரு போல இருக்கு. பாவமாத்தான் இருக்கு, ஆனா எங்க பூதம் எங்கங்க?”

ட்ரெவர் போனை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பெட்டியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தான். மேலே ‘சுரங்கப் பூதம்’ என்று பளபளவென்று படம் போட்டிருந்தது. டேப் ரெகார்டரில் போட்டு ஓடவிட்டான். கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம் வர வேண்டும்; அந்தக் காலத்துக் கேசட் கேம்களில் கம்ப்யூட்டருக்கு அந்தச் சத்தம்தான் விளையாட்டு. வந்ததோ அவனுடைய சொந்தக் குரல்.

“லொரேன், நான் ட்ரெவர். பின்பக்க ரூம் ட்ரெவர்...”

அதற்கு மேல் கேட்க அவனுக்குத் தெம்பில்லை. பட்டென்று நிறுத்தினான்.

இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் மூர்லைட் கேம் கம்பெனி என்றால் அந்த டிசம்பரில் எல்லோருக்கும் தெரியும். முதலாளி ஆக்டன் அதற்கு முன்பு கம்பளம் விற்றவர். கம்பளக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, எதிர்த்த கடையில் கேம் கேசட்டுக்கு ஜனங்கள் மழையில் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தார். மறுமாதமே கம்பளங்களைச் சுருட்டி ஓரமாகச் சாத்திவிட்டு, எவனோ கல்லூரிப் பையன் எழுதிய விளையாட்டை வாங்கி விற்க ஆரம்பித்துவிட்டார். ஒன்று ஓடியது. அடுத்த இரண்டும் படுத்தன. இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பூதம் ஓடாவிட்டால் கம்பளங்களை மறுபடி விரிக்க வேண்டியதுதான்.

மூல கேசட்டைத் தொழிற்சாலைக்கு அனுப்பி, காப்பி எடுத்து வந்த பெட்டிகளைக் கடைகளுக்கு அனுப்புவது ட்ரெவரின் வேலை. முன்னறையில் போன் எடுப்பதும் தபால் பார்ப்பதும் லொரேனின் வேலை. ட்ரெவருக்கு லொரேனைப் பிடிக்கும். பிடிக்கும் என்பது சின்ன வார்த்தை. அவள் தும்மினால் இவன் போய் ஜன்னலைச் சாத்துவான். மனசில் இருப்பதைச் சொல்லிவிடுவது என்று எத்தனையோ தரம் அவள் மேஜை வரை போயிருக்கிறான். ஒவ்வொரு தரமும் “ஸ்டேப்ளர் இருக்கா?” என்று கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறான். அவன் மேஜையில் அலுவலகத்து ஸ்டேப்ளர்கள் எல்லாமே இருந்தன.

நேரில் வராத வார்த்தை டேப்பில் வந்தது. ஒரு புதன்கிழமை சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, வெறும் கேசட் ஒன்றில் பேசி அவள் மேஜையில் வைத்துவிட்டு, திருடன் மாதிரி வீட்டுக்கு ஓடினான்.

மறுநாள் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவனைப் பார்த்துச் சிரித்தாள், அவ்வளவுதான். அவன் தலையைக் குனிந்துகொண்டு பின்னறைக்குப் போனால், அவன் மேஜை மேல் பேர் எழுதாத கேசட் ஒன்று கிடந்தது. பூதத்தை எழுதிய பையன் அன்று காலை கொண்டுவந்து போடுவதாகச் சொல்லியிருந்தான். கீழே வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அதுதான் பூதம் என்று ட்ரெவர் கேசட்டை உறையில் போட்டுத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டான்.

பிறகு இரண்டு வாரம் பதிலுக்காகக் காத்திருந்தான். முதல் வாரம் லொரேன் அவனைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தாள். அவன் ஓடி ஒளிந்தான். இரண்டாவது வாரம் அவள் சிரிக்கவில்லை.

எல்லாம் இன்றைக்குத்தான் விளங்கியது. அந்தக் கேசட் பூதமே இல்லை. அவனுடையது. அவள் ஒரு வார்த்தை பேசாமல் அதைத் திருப்பி அவன் மேஜையிலேயே வைத்திருக்கிறாள். இஷ்டமில்லை என்பதை ஒரு நல்ல பெண் இதைவிட நாகரிகமாக எப்படிச் சொல்வாள்? நேரில் வராமல் அந்தப் பையன் தபாலில் அனுப்பிய நிஜப் பூதம், பிரிக்கப்படாமல் கம்பள மாதிரிகளுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

ட்ரெவருக்குத் துக்கப்பட நேரமில்லை. வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் பேர் ஐயாயிரம் கேசட்டில் நாடு முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. அவள் காதுக்கு இது எட்டக்கூடாது.

லொரேன் மழையில் நனைந்து உள்ளே வந்தாள். அவள் கோட்டைக் கழற்றுவதற்குள் ட்ரெவர் அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

“இன்னிக்கி போனை நான் பாத்துக்கறேன்.”

“ஏன்?”

“சும்மா. பழகிக்கலாம்னு.”

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தபால்களை எடுத்துக்கொண்டு போனாள்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. ட்ரெவர் வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

“கேசட்ல கோளாறு இல்லைங்க. அதுவும் விளையாட்டுல ஒரு பங்குதான். அது ஒரு புதிர். கேட்டு யோசிக்கணும்.”

“அப்பிடியா! அடடே! அப்ப அந்தப் பக்கம் இருக்கறது...”

“எல்லாம் புதிர்தாங்க” என்று ட்ரெவர் வைத்துவிட்டான். ஒவ்வொரு போனையும் பாதியிலேயே வெட்டினான்.

மத்தியானத்துக்குள் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையிலிருந்து முதலாளிக்கே போன் வந்துவிட்டது. ஆக்டன் முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தார்.

“என்னய்யா ட்ரெவர், புதிர் வெச்சிருக்கியாம்ல? பூதத்தைத் தேடிப் போனா லொரேன் வருவாளாமே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு!”

“சார், நீங்க அந்தக் கேசட்டைக் கேட்டீங்களா?”

“நான் ஏன்யா கேக்கணும்? கம்பளம் வித்தப்ப அதுல படுத்துப் பாத்தா வித்தேன்? பேரு மட்டும் நம்ம லொரேன் பேரா வெச்சிருக்கே, குறும்புக்காரன். பத்திரிகைல முழுப்பக்க விளம்பரம் குடுக்கப் போறேன். ‘யார் இந்த லொரேன்? கண்டுபிடித்தால் பரிசு.’ எப்பிடி?”

“வேணாம் சார்!”

“ஆமாமா, வெறும் பரிசு போதாது. கலர் டிவின்னே போட்டுடறேன்.”

ட்ரெவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் ஒரு வழிதான் தெரிந்தது. வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று சேர்த்து வைத்திருந்த பணத்தை வங்கியிலிருந்து எடுத்தான். உடம்பு சரியில்லை என்று லீவு போட்டான். லீட்ஸ், பிராட்ஃபோர்ட், ஹாலிஃபாக்ஸ் என்று கடைகடையாக ஏறி, கண்ணில் பட்ட பூதத்தை எல்லாம் வாங்கிக் காரில் நிரப்பினான்.

“இத்தனை எதுக்குத் தம்பி?” என்றார் ஒரு கடைக்காரர்.

“சொந்தக்காரங்க ஜாஸ்தி.”

வியாழக்கிழமை அவன் வேலைக்குத் திரும்பியபோது ஆக்டன் மாடிப்படியிலேயே அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“லிஸ்ட்ல வந்துட்டோம்டா! வாரம் முழுக்க எது அதிகம் வித்துச்சுன்னு கடைகள்ல கணக்கெடுப்பாங்கல்ல? அதுல நம்ம பூதம் மேல போயிடுச்சு! வடக்கே ஒரு ஊர்ல, வந்த பெட்டி மொத்தமும் ஒரே நாள்ல காலியாம். எவனோ ஒரு பைத்தியக்காரன் வாரி வாங்கிட்டுப் போனானாம்!”

“அப்பிடியா சார்?”

“இன்னும் பத்தாயிரம் அடிக்கச் சொல்லிட்டேன்.”

ட்ரெவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் கூரைப் பணத்தில்தான் அவன் மானம் விமானம் ஏறியிருந்தது.

முன்னறைக்குப் போனால், ‘யார் இந்த லொரேன்?’ விளம்பரத்தின் மாதிரித்தாள் லொரேனின் மேஜை மேலேயே விரிந்து கிடந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. ஓர் அட்டைப்பெட்டியில் தன் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். தேநீர்க் கோப்பை, குடை, நகச்சாயம், ஜன்னலோரத்துச் சின்னச் செடி.

“என்ன இது?” என்றான்.

“ஷெஃபீல்ட்ல ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்காங்க. நாளையோட நான் நின்னுக்கறேன்.”

“அங்க என்ன வேலை?”

“இதே வேலைதான். போன் எடுக்கறது.” செடியைப் பெட்டியில் வைத்தாள். சரியாக உட்காரவில்லை. மறுபடி எடுத்தாள். “அங்க யாரும் என் நாற்காலில வந்து உக்கார மாட்டாங்க.”

ட்ரெவர் வாயைத் திறந்தான். இந்தத் தரம் அவன் எதையும் இரவல் கேட்கவில்லை.

“லொரேன், கேசட்ல இருக்கற குரல் என்னுது.”

“அது எனக்குத் தெரியாதாக்கும்?”

“நாடு பூராப் போயிடுச்சு.”

“தெரியும். எங்க அத்தை ஸ்கார்பரோலேர்ந்து போன் பண்ணி அழறாங்க.” அவள் குரல் தழுதழுத்தது. “ஏன் ட்ரெவர் அப்பிடிப் பண்ணீங்க? ஒருத்தர் மனசுல இருக்கறது கடைல வெச்சு விக்கிற சரக்கா? ரெண்டு வாரமா ஒரு வார்த்தை பேசல நீங்க. என் முகத்தை நிமிர்ந்து பாக்கல. கடைசில பாத்தா, விளம்பரத்துக்கு!”

“சத்தியமா இல்ல! அது பூதம்னு நெனச்சுதான் அனுப்பினேன். எல்லாத்தையும் திருப்பி வாங்கிடணும்னு அலைஞ்சேன். கார்ல, வீட்டுல, கட்டிலுக்கு அடியில எல்லாம் பூதம்தான். உங்க பேரு கெட்டுடக்கூடாதுன்னு...” அவனுக்கு மூச்சு வாங்கியது. “நீங்க கேசட்டைத் திருப்பி என் மேஜைல வெச்சப்பவே நான் புரிஞ்சுக்கிட்டிருக்கணும். தப்பு என்னுதுதான். நீங்க எங்கயும் போக வேணாம். நான் போயிடறேன். நீங்க இல்லாத இந்த ரூம் எனக்கு எதுக்கு?”

லொரேனின் கை செடியின் மேல் அப்படியே நின்றது.

“என்ன புரிஞ்சுக்கிட்டிருக்கணும்?”

“உங்களுக்கு இஷ்டமில்லன்னு.”

அவள் அவனையே பார்த்தாள். கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ ஒன்று வர ஆரம்பித்தது.

“ட்ரெவர், நான் திருப்பி வெச்சப்புறம் நீங்க அதைப் போட்டுக் கேக்கவே இல்லையா?”

“நான் பேசினது எனக்குத் தெரியாதா? எதுக்குக் கேக்கணும்?”

அதற்கு அவள் பதில் சொல்லும் முன் கதவு படாரென்று திறந்தது. மலைச்சாலை முக்கில் செய்தித்தாளும் மிட்டாயும் விற்கிற ஹர்ஸ்ட் அம்மாள், படியேறிய களைப்பில் மேல்மூச்சு வாங்க, கையில் ஒரு கேசட்டோடு நின்றாள். தலையில் கட்டிய துணியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது.

ட்ரெவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளிடம் போனான். வேலை வேலைதானே.

“காசைத் திருப்பித் தந்துடறோம்மா. நீங்க கேட்ட கேம் இதுல இல்ல, தப்பு எங்க பேர்லதான்.”

“காசை யாரு தம்பி கேட்டா? உக்காரு நீ. கேமும் வேணாம், பரிசும் வேணாம். ரெண்டு நாளா என் கடைல வியாபாரமே நடக்கல. வர்றவங்க எல்லாம் இதையே போடச் சொல்லிக் கேட்டுட்டு நிக்கறாங்க. பால்காரன்கூட அழுதுட்டான்.” அவள் கேசட்டை மேஜை மேல் வைத்தாள். “எங்களுக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்.”

“என்னம்மா?”

“இந்தப் பக்கம் அந்தப் பையன் கேக்கறான். திருப்பிப் போட்டா மறுபக்கம் ஒரு பொண்ணு, ‘இதைக் கேக்க இவ்வளவு நாளா? சரி, சரி, நூறு தடவை சரி’ன்னு சொல்லிட்டு விசும்பி விசும்பி அழறா. அந்த மடையன் அதைத் திருப்பிப் போட்டுக் கேட்டானா இல்லையா, அதை மட்டும் சொல்லு தம்பி, நான் போயிடறேன்.”